மழைத் தண்ணீருக்கு யார் கணக்கு வைப்பது? நாகர்கோவில் ஓடைகளின் பணமும் பாதையும்

ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் போதும், நாகர்கோவிலில் இரண்டு கேள்விகள் கிளம்பிவிடும். "2022-ல் சொத்து வரியை ஏற்றினார்களே, அந்தப் பணமெல்லாம் எங்கே போச்சு?" என்பது ஒன்று. "பாதாள சாக்கடை என்று தெருத்தெருவாகத் தோண்டினார்களே, அப்புறமும் ஏன் தண்ணீர் நிற்குது?" என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். பதில் தெரிய வேண்டுமானால் வீட்டு வாசல் ஓடையிலிருந்து தொடங்கி, மாநகராட்சியின் கணக்குப் புத்தகம் வரை போய்ப் பார்க்க வேண்டும்.

மூன்று தண்ணீர், மூன்று வழி

குமரி மாவட்டத்துப் பேச்சில் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான், வீட்டுக்குள் புகுகிற தண்ணீரும் வெள்ளம்தான். பேச்சில் அதனால் ஒரு குறையும் இல்லை. நகர நிர்வாகத்தில் மட்டும் தண்ணீரை மூன்றாகப் பிரித்தே பார்க்க வேண்டும்.

1. குடிநீர். அழுத்தத்தோடு குழாயில் வருகிறது. இணைப்பு உண்டு, மாதக் கட்டணம் உண்டு.

2. கழிவுநீர். கழிப்பறை, குளியலறை, சமையலறைத் தண்ணீர். பாதாள சாக்கடை என்பது இதற்கு மட்டும்தான். ஓர் ஆள் ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் பயன்படுத்துவார் என்று வைத்து, தலைகளை எண்ணி இந்தக் குழாயின் அளவை முடிவு செய்கிறார்கள். இதற்கும் இணைப்புக் கட்டணம், பயன்பாட்டுக் கட்டணம் உண்டு.

3. மழைநீர். கூரை, முற்றம், சாலை ஆகியவற்றில் விழுந்து ஓடும் தண்ணீர். இதற்கான ஓடையின் அளவைத் தீர்மானிப்பது தலைக்கணக்கு அல்ல. எத்தனை சென்ட் நிலம், அதில் எவ்வளவு சிமென்ட், மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை என்பதுதான். இதற்கு இணைப்பும் கிடையாது, கட்டணமும் கிடையாது.

ஆக, இரண்டாவது கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. பாதாள சாக்கடை முழுதாக இயங்கினாலும் சாலையில் நிற்கும் மழைநீர் அதில் போகக் கூடாது. போனால் குழாய் தாங்காது, மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு கழிவு தெருவுக்கு வரும். இதன் மறுபக்கமும் நம் தெருக்களில் நடக்கிறது: செப்டிக் டேங்கிலிருந்து வழியும் கழிவுநீரை மழைநீர் ஓடைக்குள் திருப்பி விடுகிறார்கள். வருடம் முழுக்க அது ஓடையில் தேங்கி, மணலோடு கலந்து கெட்டியாகிறது. மழை வரும்போது பாதி ஓடை ஏற்கெனவே அடைத்துக் கிடக்கும். அந்தச் சேற்றில் ஒருவரை இறக்கி வாரச் சொல்வது அவர் உயிரோடு விளையாடுவது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் எந்தக் கொடுமையைத் தடுக்க வந்ததோ, அதை ஒவ்வொரு வீட்டுக் குழாயும் மறுபடி உண்டாக்குகிறது.

விளையும் ஏலாவும்

நாஞ்சில் நாட்டு ஊர்ப் பெயர்களே ஒரு வடிகால் வரைபடம். விளை என்று முடிந்தால் மேட்டு நிலம். தென்னையும் மாவும் நின்ற தோட்டம். பெருவிளை, வலம்புரிவிளை, வல்லன்குமாரன்விளை எல்லாம் அப்படி வந்த பெயர்கள். விளைக்குக் கீழே ஏலா, அதாவது வயல்வெளி. ஆசாரிபள்ளத்தில் பள்ளம் இருக்கிறது, செட்டிகுளத்தில் குளம் இருக்கிறது, கோட்டாற்றில் ஆறு இருக்கிறது. விளையில் விழுந்த மழையில் ஒரு பங்கு மண்ணில் இறங்கும். மீதி இடைவழியில் இறங்கிக் குளத்துக்குப் போகும். குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளம், அதற்கும் கீழே ஏலா, கடைசியில் பழையாறு. பழையாறு ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாகப் போய் மணக்குடியில் கடலைச் சேர்கிறது.

அந்தக் காலத்தில் மழைநீரை நிர்வகிக்கத் தனிப் பணம் தேவைப்படவில்லை. குளம் பாசனத்துக்கு வேண்டும் என்பதால் அதை ஊரே பராமரித்தது. வெள்ளத் தடுப்பு அதன் உபரிப் பலன். வயல் மனையானதும் பாசனம் போனது. பாசனத்தோடு குளத்தைக் கவனிக்கும் ஆட்களும் போனார்கள். தண்ணீர் மட்டும் பழைய வழியிலேயே இறங்குகிறது. பள்ளத்தில் கட்டிய வீட்டுக்காரருக்கு அது வெள்ளம்.

பத்து சென்ட் கணக்கு

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. பத்து சென்ட் மனை என்றால் ஏறக்குறைய 405 சதுர மீட்டர். அதில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 20,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது.

அந்த மனையில் ஒரு ஓட்டு வீடும் சுற்றிலும் மண்ணும் தென்னையும் இருந்த காலத்தில், விழுந்ததில் ஐந்தில் ஒரு பங்கு வெளியேறியது என்று வைப்போம்: 4,000 லிட்டர். இப்போது கான்கிரீட் வீடு, கார் ஷெட், காம்பவுண்டு சுவர் வரை இன்டர்லாக் கல். பத்தில் ஒன்பது பங்கு வெளியே வரும்: 18,000 லிட்டர். இப்படி நாற்பது மனைகள் உள்ள தெருவில், முன்பு 1,60,000 லிட்டர் சுமந்த அதே ஓடை இன்று 7,20,000 லிட்டர் சுமக்க வேண்டும்.

இன்டர்லாக் கல்லை மணல் படுகையில் இடைவெளி விட்டுப் பதித்தால் கொஞ்சம் தண்ணீராவது இறங்கும். நம் முற்றங்களில் பல இடங்களில் அடியில் கான்கிரீட் போட்டு, மேலே கல் பதித்து, இடுக்கையும் சிமென்ட் பூசி அடைக்கிறார்கள். புல் முளைக்கக் கூடாதாம். முற்றத்துக்குத் தெருப் பக்கம் சரிவு வேறு கொடுக்கிறார்கள். தன் வீட்டில் ஒரு சொட்டு நிற்கக் கூடாது என்று ஒவ்வொருவரும் செய்யும் ஏற்பாடு, தெருக்கோடி வீட்டில் முழங்கால் தண்ணீராக வந்து நிற்கிறது. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அந்தக் குழிகளில் எத்தனை இன்றும் தூர்ந்துபோகாமல் இருக்கின்றன என்பதை அவரவர் வீட்டிலேயே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் பொதுவாகத் தெரு ஓடையைப் பெருமழைக்குக் கட்டுவதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, முக்கியமான இடமென்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய மழையைத் தாங்கினால் போதும் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். அதற்கு மேல் பெய்தால் வாங்கிக்கொள்ள குளமும் பள்ளமும் வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது போன்ற மழைக்கு எந்த ஓடையும் ஈடு கொடுக்காது. ஆனால் நாம் வருடத்தில் பத்து தடவை அவதிப்படுவது அப்படிப்பட்ட மழையில் அல்ல, சாதாரண மழையில். அதைத் தடுக்க முடியும்.

பணம் எங்கிருந்து வருகிறது

நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனது. இந்த அளவுள்ள ஒரு மாநகராட்சி மழைநீர் வடிகாலுக்குப் பணம் தேடும் வழிகள் இவை:

1. சொந்த வருவாய். சொத்து வரி, காலி மனை வரி, தொழில் வரி, கட்டட அனுமதிக் கட்டணம், கடை வாடகை. இதிலிருந்துதான் சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்கு மின்கட்டணம், குப்பை வண்டி எல்லாம். மிச்சத்தில் ஓடை.

2. மாநில நிதி ஆணையப் பங்கு. தமிழ்நாடு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை ஊரக, நகர உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது.

3. மத்திய நிதி ஆணைய மானியம். 15-ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை, பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள் உள்ள நகரங்களுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதத்துக்கு நிபந்தனை இருந்தது. அதில் பாதி துப்புரவுக்கும் குப்பைக்கும், பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கும். தெரு ஓடைக்கு வேண்டுமென்றால் மீதி 40 சதவீதத்தில்தான் கை வைக்க வேண்டியிருந்தது. அங்கே சாலையும் பாலமும் ஏற்கெனவே வரிசையில் நின்றன.

4. திட்டப் பணம். 2015-ல் வந்த அம்ருத் என்ற மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டத்தில் மழைநீர் வடிகாலும் ஒரு பிரிவாக இருந்தது. 2021-ல் வந்த அம்ருத் 2.0 குடிநீர், கழிவுநீர், நீர்நிலைகள் பக்கம் திரும்பிவிட்டது.

5. கடன். சென்னையில் கொசஸ்தலையாற்று வடிநிலப் பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-ல் 25.1 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. 588 கிலோமீட்டர் புது வடிகால் அதன் பகுதி. அவ்வளவு பெரிய கடனை வாங்கவும் அடைக்கவும் பெரிய வருவாய் வேண்டும்.

6. பேரிடர் நிதி. வெள்ளம் வந்த பிறகு நிவாரணத்துக்குத் தருவது ஒரு வகை. முன்கூட்டியே தடுக்கத் தருவது இன்னொரு வகை. இதில் 15-ஆவது நிதி ஆணையம் ஏழு பெருநகரங்களுக்கு 2,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. சென்னைக்கு 500 கோடி. அடுத்த சுற்றுப் பட்டியலில் திருவனந்தபுரம் சேர்ந்தது. அங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் நாகர்கோவில் இரண்டு பட்டியலிலும் இல்லை.

இனி முதல் கேள்விக்கு வருவோம். 2022-ல் சொத்து வரி ஏறியது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம். குறைந்தபட்ச வரி விகிதத்தை அறிவிக்க வேண்டும், வசூல் மாநிலப் பொருளாதாரத்தோடு சேர்ந்து வளர வேண்டும் என்று நிதி ஆணையம் போட்ட நிபந்தனை அதற்கு ஒரு முக்கியக் காரணம். மத்திய மானியம் நின்றுவிடாமல் இருக்கத்தான் வரி ஏறியது, ஓடைக்கென்று ஏறவில்லை. ஏறிய பணம் பொதுக் கணக்கில் கலந்தது.

மாநகராட்சிக் கணக்கில் மூன்று பெட்டிகள் உண்டு: வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி. நடுப் பெட்டியில் உள்ள 'வடிகால்' என்ற சொல்லைப் பார்த்து மழைநீர் ஓடை என்று நினைத்துவிடக் கூடாது. அது பாதாள சாக்கடை. மழைநீர் ஓடை முதல் பெட்டியில், சாலையோடு சேர்ந்து கிடக்கிறது. அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கென்று எழுதிய 18 பணிகளின் பட்டியலிலும் சாலை உண்டு, குடிநீர் உண்டு, இடுகாடு உண்டு, தெருவிளக்கு உண்டு. மழைநீர் வடிகால் என்ற பெயர் இல்லை. பெயரில்லாத வேலைக்கு எந்த பட்ஜெட்டிலும் கடைசி இடம்தான். என் பார்வையில் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கட்டக் காசு உண்டு, தூர்வாரக் காசு இல்லை

மேலே சொன்னவற்றில் 4, 5 இரண்டும் மூலதனப் பணம். புதிதாகக் கட்டத் தருவார்கள், ஒப்பந்தம் விடலாம், திறப்பு விழா நடத்தலாம். கட்டிய ஓடையை வருடா வருடம் வார அந்தப் பணத்தைத் தொடக்கூட முடியாது. வாருவது தினசரிச் செலவு, அது சொந்த வருவாயிலிருந்துதான் வர வேண்டும். ஆக, புது ஓடை ஒவ்வொன்றும் மாநகராட்சிக்குச் சொத்தாகவும் வருகிறது, சுமையாகவும் வருகிறது.

அடைத்துக்கொண்ட ஓர் ஓடையின் ஸ்லாபைக் கடப்பாரை போட்டு நெம்பித் திறக்கும்போது அருகில் நின்று பாருங்கள். மேலே தண்ணீர் பாட்டில்கள், இளநீர்க் கூடு, பூக்கடைக் கழிவு. அதற்குக் கீழே ஒரு சாண் கறுப்புச் சேறு. நடுவில் குறுக்காக ஒரு குடிநீர்க் குழாய், அதை ஒட்டி யாரோ இழுத்த கேபிள். அதில்தான் முதல் பிளாஸ்டிக் கவர் மாட்டியிருக்கும். மற்றதெல்லாம் அதன் மேல் சேர்ந்தவை. அப்புறம் சாலை ஓரத்தில் தண்ணீர் ஓடைக்குள் இறங்கும் துளையைத் தேடினால், தார் மூடியிருக்கும். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் சாலை உயர்ந்து, துளை மறைந்து, ஓடை காலியாக இருந்தும் தண்ணீர் சாலையில் நிற்கும் இடங்கள் உண்டு. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. இந்தத் துளையைத் திறந்துவிட ஒரு ஆளும் ஒரு மணி நேரமும் போதும். எந்தத் திட்டத்திலும் இதற்குத் தலைப்பு கிடையாது.

தண்ணீர் ஒன்று, சொந்தக்காரர் நான்கு

ஒரு தெருவில் விழுந்த மழை பழையாற்றைச் சேர்வதற்குள் கடக்கும் எல்லைகளைப் பாருங்கள்.

1. தெரு ஓடை: மாநகராட்சி.
2. பெரிய சாலையின் ஓர ஓடை: மாநில நெடுஞ்சாலைத் துறை அல்லது தேசிய நெடுஞ்சாலை ஆணையம்.
3. தண்டவாளத்தின் அடியில் உள்ள சிறுபாலம்: ரயில்வே. நாகர்கோவில் சந்திப்பு திருவனந்தபுரம் கோட்டத்தில் இருப்பதால், கோட்டாற்றுப் பக்கம் ஒரு சிறுபாலத்தை அகலப்படுத்தும் கோப்பு மாநில எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும்.
4. சானல் (பாசனக் கால்வாய்), குளம், ஆறு: நீர்வளத் துறை.

நால்வரில் ஒருவர் தன் பங்கைச் செய்யாவிட்டாலும் மற்ற மூவர் செலவழித்தது வீண். மாநகராட்சி மூன்றடி ஓடை கட்டி, அது ஒன்றரை அடி சிறுபாலத்தில் முட்டினால் கிடைப்பது ஒன்றரை அடி ஓடைதான்.

திருவனந்தபுரத்தின் அனுபவம் இங்கே நமக்கு நேரடிப் பாடம். தம்பானூர், கிழக்கேகோட்டை பகுதி ஒவ்வொரு மழைக்கும் மூழ்கியதால், 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்று ஒரு வேலையைத் தொடங்கினார்கள். பல துறைகளின் இடங்களில் நுழைந்து ஆக்கிரமிப்பை அகற்ற, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் அதிகாரத்தையே கையில் எடுத்தார்கள். கொஞ்ச காலம் பலன் தெரிந்தது. தொடர்ந்து வாருவதற்கு நிரந்தர ஏற்பாடு அமையவில்லை. 2024 ஜூலை 13 அன்று, தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோடு என்ற கால்வாயில் குப்பை வார இறங்கிய தொழிலாளி ஒருவரைத் தண்ணீர் இழுத்துப் போனது. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. அந்த இடத்தைச் சுத்தம் செய்யும் பொறுப்பு யாருடையது என்று ரயில்வேயும் மாநகராட்சியும் ஒன்றையொன்று கை காட்டின. யார் பொறுப்பு என்று எழுதி வைக்காத இடத்தில் கடைசியில் ஓர் ஏழையின் உயிர்தான் போகிறது.

ஏப்ரல் ஒன்றும் ஜூன் ஒன்றும்

சென்னையில் பெருமழை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கி, டெண்டர் விட்டு, செப்டம்பருக்குள் தூர்வார அவர்களுக்கு ஆறு மாதம் இருக்கிறது. நாகர்கோவிலுக்கு இரண்டு பருவமழை. தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்திலேயே வந்துவிடும். கோடை மழை அதற்கும் முன்னால். ஏப்ரலில் ஒப்புதலான பணம் டெண்டர் முடிந்து வேலையாவதற்குள் மழை இறங்கிவிடுகிறது. பிறகு வாரிய சேற்றை ஓடைக்கரையிலேயே குவித்து வைத்தால், அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளும்.

இதோடு சானல் கணக்கும் சேர வேண்டும். 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையையும் அப்புறம் வந்த பெருஞ்சாணியையும் கொண்ட கோதையாறு பாசனத்தில், கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போக நெல் சாகுபடிகளுக்காக வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறந்து பிப்ரவரி கடைசிவரை விடுவார்கள். நகரத்தின் ஓடைகள் பல இந்தச் சானல்களில் போய் விழுகின்றன. அதாவது, மழை பெய்யும் மாதங்களில்தான் அனந்தனாறு சானலிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். நிறைந்து ஓடும் சானலுக்குள் ஓடைத் தண்ணீர் எப்படி இறங்கும்? பின்னோக்கி ஏறி, தரை தாழ்ந்த வீட்டுக்குள் போகும். சானல் காய்ந்து கிடக்கும் மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதங்கள்தான் வாரவும் சிறுபாலம் கட்டவும் உள்ள காலம். அதற்கான பணம் முந்தைய ஆண்டின் டிசம்பரிலேயே ஒப்புதலாகியிருக்க வேண்டும். சென்னைக்குத் தைத்த சட்டையை நாகர்கோவிலுக்குப் போட்டால் பொருந்தாது. கன மழை வரும் நாளில் சானல் மதகை அடைக்கச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் முன்பே முடிவு செய்து வைக்க வேண்டும்.

மழைநீருக்கென்று ஒரு கட்டணம்

உலகத்தில் பல நகரங்கள் இந்தப் பெயரில்லாச் சிக்கலை ஒரு வழியில் தீர்த்திருக்கின்றன: மழைநீருக்குத் தனிக் கணக்கு, அதற்குத் தனிக் கட்டணம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து பெல்வியூ நகரம் 1974-ல் இதைத் தொடங்கிய முன்னோடிகளில் ஒன்று; இன்று அந்த நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகரங்களில் இருக்கிறது. பெர்லினில் 2000-ஆம் ஆண்டிலிருந்து கழிவுநீர்க் கட்டணத்தை இரண்டாகப் பிரித்து, மழைநீருக்குத் தனியாக வசூலிக்கிறார்கள்.

கட்டணத்தின் தர்க்கம் எளிது. வீட்டின் மதிப்பையோ வாடகையையோ பார்ப்பதில்லை. உன் நிலத்தில் தண்ணீர் இறங்காதபடி எத்தனை சதுர மீட்டரை மூடியிருக்கிறாய், அதற்குத் தகுந்த பணம். மண்ணாக விட்டால், குழி வெட்டி இறக்கினால், கட்டணம் குறையும். ஐந்து சென்டில் ஓட்டு வீடும் முருங்கையும் வைத்திருப்பவர் கட்டுவது கொஞ்சம். ஒரு ஏக்கர் வாகன நிறுத்தத்தைக் கான்கிரீட் போட்ட திருமண மண்டபம் கட்டுவது அதிகம். சொத்து வரியில் இந்த நியாயம் இல்லை. அதில் கட்டடத்தின் பரப்புதான் கணக்கு; மண்டபத்தின் திறந்த கான்கிரீட் வெளி தெருவுக்குத் தள்ளும் தண்ணீருக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

நம் ஊருக்கு இதை அப்படியே கொண்டுவரலாமா? உடனே முடியாது என்றுதான் நினைக்கிறேன். 2022 ஏற்றத்துக்குப் பிறகு இன்னொரு கட்டணம் என்றால் மக்கள் பொறுக்க மாட்டார்கள், பொறுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் புதுக் கட்டணம் இல்லாமலே செய்யக்கூடிய பாதி வேலை இருக்கிறது. வசூலாகும் சொத்து வரியில் ஒரு குறிப்பிட்ட பங்கை ஓடை பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போடலாம். முற்றத்தை மண்ணாக வைத்திருப்பவருக்கு வரியில் சிறு தள்ளுபடி தரலாம். பெரிய மண்டபம், வணிக வளாகம், மருத்துவமனை போன்றவற்றுக்கு அனுமதி தரும்போதே, தங்கள் மழைநீரைத் தங்கள் இடத்திலேயே பிடித்து வைத்து மெதுவாக விடும் தொட்டியை நிபந்தனையாக்கலாம். பள்ளத்தில் மிச்சமிருக்கும் குளங்களை மழைநீரின் முதல் தாங்கியாகக் கணக்கில் ஏற்றலாம். ஒரு குளத்தைத் தூர்வாரும் செலவையும் அந்தக் குளம் பிடிக்கும் தண்ணீரைச் சுமக்க வேண்டிய கான்கிரீட் ஓடையின் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாளில் குளத்தை மூடச் சொல்லும் குரல் தானாகக் குறையும்.

பகுதி சபையில் கேட்க வேண்டியவை

2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும், கிராம சபை போல, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டம் நடத்தப்படுகிறது. "ஓடை கட்டித் தாருங்கள்" என்ற மனுவோடு நிறுத்திக்கொள்ளாமல், கீழே உள்ளவற்றைக் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைப்பது நல்லது.

1. நம் வார்டு ஓடை எங்கே போய் விழுகிறது? போகும் வழியில் மிகக் குறுகலான இடம் எது, அது எந்தத் துறையுடையது?

2. கடந்த நிதியாண்டில் இந்த வார்டில் புது ஓடை கட்ட எவ்வளவு, இருக்கும் ஓடையை வார எவ்வளவு செலவானது?

3. செப்டிக் டேங்க் வழிவை ஓடையில் விட்டிருக்கும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பாதாள சாக்கடை இணைப்பு எப்போது?

4. சாலை போடும் ஒப்பந்தத்தில் பழைய தாரைச் சுரண்டுவதும், ஓடைத் துளைகளைத் திறந்து ஒப்படைப்பதும் எழுதப்பட்டிருக்கிறதா?

5. வாரிய சேற்றை எத்தனை நாளில் அள்ளுவார்கள், எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்?

6. சானல் அடைக்கும் தேதி தெரிந்த பிறகு தூர்வாரும் டெண்டர் விடுகிறார்களா, அல்லது அது தெரியாமலேயா?